முரசு கொட்டிய குயில்

மேனாட்டுப் பாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளியூர் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், 1970-ஆம் ஆண்டுகளில் கல்லூரியில் பயின்றவர்களைச் சற்று விசாரித்துப் பாருங்கள். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பிலோ, அகில இந்திய வானொலி மேனாட்டு இசைக்கென்று ஒதுக்கிய நேரத்திலோ, ஓர் அமெரிக்கப் பெண்ணின் தாழ்ந்த, கனிந்த குரலைக் கேட்டு வேலையை மறந்து நின்றதாகப் பலர் சொல்லுவார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கேரன் கார்ப்பெண்டர். அண்ணன் ரிச்சர்டும் தங்கை கேரனும் சேர்ந்து ‘கார்ப்பெண்டர்ஸ்’ என்ற பெயரில் பாடினார்கள்.

அவர்கள் முகத்தை அந்நாளில் இங்கே கண்டவர் மிகச் சிலரே. டில்லியில் 1959-ல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தொலைக்காட்சி, பம்பாய்க்கு 1972-ல் வந்தது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 1975-ல்தான் வந்து சேர்ந்தது. அதிலும் அமெரிக்க இசை நிகழ்ச்சிகளை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே நம்மவர்களுக்குக் கேரன் முகமற்ற ஒரு குரலாகவே நெடுங்காலம் இருந்தாள். இப்பொழுதோ பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் தொலைபேசியிலேயே அந்தப் பழைய தொலைக்காட்சிக் காட்சிகள் ஓடுகின்றன. வானொலியில் கேட்டவர்கள் ஐம்பது ஆண்டு கழித்து அவற்றைக் கண்ணால் காண்கிறார்கள். கண்டவர்கள் முதலில் சொல்லும் வியப்பு ஒன்றே: “அந்தப் பெண் டிரம் அல்லவா வாசிக்கிறாள்!”

ஆம், அவள் முதலில் கொட்டுக்காரி, பாடகியானது அதற்குப் பின்னர்தான். தன்னைப் பற்றிக் கேட்டவர்களிடம் அவளே அவ்வாறுதான் சொல்லி வந்தாள்.

கேரன் 1950 மார்ச் 2-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பிறந்தாள். ரிச்சர்ட் அவளுக்கு மூன்றரை வயது மூத்தவர். சிறு வயதிலேயே பியானோவில் வல்லவராக இருந்த மகனின் எதிர்காலத்தையும் எண்ணி, பெற்றோர் 1963-ல் கலிபோர்னியாவிலுள்ள டௌனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பிள்ளையின் படிப்புக்காக ஊர் மாறும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்க! அங்கே உயர்நிலைப் பள்ளியில் தேகப் பயிற்சி வகுப்பிலிருந்து தப்புவதற்காகக் கேரன் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்தாள். உலோகப் பட்டைகளைச் சிறு சுத்தியால் தட்டி ஒலியெழுப்பும் ஒரு கருவியை அவளிடம் கொடுத்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் மாணவர்கள் டிரம் அடிப்பதைப் பார்த்தாள்; மனம் அங்கே போய்விட்டது. பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று பலர் எண்ணிய காலம் அது. ஆயினும் பெற்றோர் ஒரு முழு டிரம் தொகுதியையே வாங்கிக் கொடுத்தார்கள். 1966-ல் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் நடந்த இளைஞர் இசைக்குழுக்களின் போட்டியில் ரிச்சர்ட் பியானோவும் கேரன் டிரம்மும் வாசித்த மூவர் குழு பரிசு பெற்றது. அவளுக்கு அப்பொழுது வயது 16.

1968-ல் ‘யுவர் ஆல் அமெரிக்கன் காலேஜ் ஷோ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர்கள் தோன்றினார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவு இன்றும் இருக்கிறது. கொட்டுகளுக்குப் பின்னால் அமர்ந்து, கை ஒரு பக்கம் தாளத்தைப் பின்னிக்கொண்டிருக்க, முகம் சிரிக்க, வாய் பாட, 18 வயதுப் பெண் ஒருத்தி தன்னை மறந்திருப்பதை அதில் காணலாம். ரசிகர்கள் பலர் இந்தப் பதிவையே முதலில் சுட்டுகிறார்கள். என் அபிப்பிராயமும் அதுவே. பின்னாளில் எத்தனையோ ஒளிவிளக்குகளும் பட்டாடைகளும் வந்தன. இந்தக் களிப்பு அவற்றில் அபூர்வமாகவே தென்படுகிறது.

1969 ஏப்ரலில் ஹெர்ப் ஆல்பர்ட் என்னும் இசைவாணர் தம் ‘ஏ அண்டு எம்’ நிறுவனத்தில் இவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார். மறு ஆண்டே ‘க்ளோஸ் டு யூ’ என்ற பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. பிறகு ‘வீ’வ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ வந்தது. இது முதலில் கலிபோர்னியாவின் வங்கி ஒன்றுக்குத் தொலைக்காட்சி விளம்பரமாக எழுதப்பட்ட பாட்டு. இன்றோ எத்தனையோ திருமணங்களில் பாடப்படுகிறது. 1973-ல் வந்த ‘எஸ்டர்டே ஒன்ஸ் மோர்’, பழைய பாட்டுகளை வானொலியில் மறுபடி கேட்கும் மகிழ்ச்சியையும் ஏக்கத்தையும் பற்றியது. வானொலி வழியாகவே அவளை அறிந்த நம்மவர்க்கு அது தங்களுக்காகவே பாடியது போல் இருந்ததில் வியப்பில்லை.

அவள் குரலின் சிறப்பு மந்தர ஸ்தாயியில் இருந்தது. பெண் குரல் என்றால் உச்சத்தைத் தொட வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக அவள் கீழே இறங்கினாள். அங்கேதான் குரல் அகன்று, வெதுவெதுப்பாக, காதோடு பேசுவது போல ஆகும். ஒரு சொல்லையும் அழுத்திக் கத்துவதில்லை. அழுகையை வரவழைப்பதற்கென்று விம்முவதும் இல்லை. ஒலிவாங்கியை மிக நெருங்கி மெல்லப் பாடுவாள். இந்தக் குரலுக்கு ஏற்ற மேடையைக் கட்டியவர் ரிச்சர்ட். பாட்டைத் தேர்ந்தெடுப்பதும், வாத்தியங்களை அமைப்பதும் அவர் பொறுப்பு. பின்னணியில் ஒரு பெரிய பாடகர் கூட்டமே பாடுவது போல் கேட்கிறதே, அது கூட்டமன்று. அண்ணனும் தங்கையும் தங்கள் இரு குரல்களையே மீண்டும் மீண்டும் பதிவு செய்து, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்த்த வித்தை அது.

குரல் புகழ் பெற்றதும் டிரம்முக்கு ஆபத்து வந்தது. கேரன் உயரமானவள் அல்லள். கொட்டுகளுக்குப் பின்னே அமர்ந்தால் அவையோருக்கு அவள் தலைமுடிதான் தெரியும். இத்தனை புகழ் பெற்ற பாடகி முன்னே வந்து நிற்க வேண்டாமா என்று பத்திரிகை விமர்சகர்களும் ஏற்பாட்டாளர்களும் நெருக்கினார்கள். அவளுக்கோ கொட்டுகளே அரண். அவற்றை விட்டு வெறுங்கையோடு மேடை நடுவில் நிற்கக் கூசினாள். 1971-ல் லண்டனில் பி.பி.சி. படம்பிடித்த கச்சேரியில் இந்த இரண்டு கேரன்களையும் பார்க்கலாம். சில பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டே பாடுகிறாள். சிலவற்றுக்கு எழுந்து வந்து நிற்கிறாள். நாளடைவில் மேடையில் வேறொருவர் டிரம் வாசிக்க, அவள் பெரும்பாலும் முன்னே நிற்பவளாகவே ஆகிவிட்டாள். இசைத்தட்டுகளிலும் பல பாட்டுகளுக்கு ஹால் பிளெயின் என்ற தேர்ந்த கலைஞரே வாசித்தார்.

1976 முதல் 1980 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் கார்ப்பெண்டர்ஸின் சிறப்பு நிகழ்ச்சிகள் ஐந்து ஒளிபரப்பாயின. ரசிகர்கள் நினைவுகூர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். உள்ளதைச் சொன்னால், இவற்றில் பாதி நேரம் வீண். அந்நாளைய அமெரிக்க வழக்கப்படி நகைச்சுவை நாடகத் துணுக்குகளைப் புகுத்தி, பாட வேண்டியவர்களை நடிக்க விட்டிருக்கிறார்கள். 1978-ல் வந்த விண்வெளிக் கற்பனை நிகழ்ச்சியைத் தீவிர ரசிகர்களே சிரிப்போடுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் 1976 டிசம்பரில் வந்த முதல் நிகழ்ச்சியில் ஒரு பகுதி இருக்கிறது. கேரன் பலவகைக் கொட்டுகள் நிறைந்த அரங்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி ஓடி வாசிக்கிறாள். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டுமே. கோல்கள் சுழல்கின்றன, முகத்தில் 1968-ஆம் ஆண்டுச் சிரிப்பு திரும்பி வருகிறது. டிரம் பயிலும் இளம் பெண்கள் இதைத் தேடிப் பார்க்கிறார்கள் என்றால், அதில் பழம்பெருமை மட்டும் இல்லை. அந்த வாசிப்பு அவ்வளவு தூயது. 1980 மே மாதத்து ‘மியூசிக், மியூசிக், மியூசிக்’ மற்றொரு நல்ல நிகழ்ச்சி. அதில் துணுக்குகளைத் துரத்திவிட்டு இசைக்கே இடம் கொடுத்தார்கள். ஜாஸ் இசைப் பேரரசி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் கேரன் சேர்ந்து பாடுகிறாள். மூத்தவருக்கு அடுத்து அமர்ந்து, தன் குரலை ஒரு மாற்றுக் குறைத்து, மரியாதையோடு இணைந்து போகும் அழகு நம் கச்சேரி மேடைகளை அறிந்தவர்க்கு உடனே விளங்கும்.

இக்காட்சிகளை வரிசையாகப் பார்ப்பவர் கண்ணில் வேறொன்றும் படும். ஆண்டுக்கு ஆண்டு அவள் மெலிகிறாள். தோளெலும்பு தெரிகிறது, அதை மறைக்க ஆடைகள் அடுக்கடுக்காய் வருகின்றன. 1975-லேயே உடல் மிகத் தளர்ந்து, இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் செல்லவிருந்த பயணங்களைக் கைவிட நேர்ந்தது. களைப்பு என்று சொல்லப்பட்டது. அவளைக் கொண்டிருந்த நோய் அனோரெக்ஸியா நெர்வோசா. உடல் எவ்வளவு இளைத்தாலும் இன்னும் பருமனாகவே இருப்பதாக மனம் நம்பி, உணவை அஞ்சி விலக்கும் நோய். 1873-லேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்குப் பெயரிட்டிருந்தார். ஆயினும் ஒரு நூற்றாண்டு கழித்தும் பொதுமக்களில் அப்பெயரை அறிந்தவர் சிலரே.

1981 அக்டோபரில் பி.பி.சி.யின் ‘நேஷன்வைடு’ நிகழ்ச்சியில் அண்ணனும் தங்கையும் புதிய இசைத்தட்டைப் பற்றிப் பேச வந்தார்கள். சூ லாலி என்ற அறிவிப்பாளர், உங்களுக்கு இந்த நோய் இருந்ததாகச் சொல்கிறார்களே என்று பெயர் சொல்லியே கேட்டுவிட்டார். கேரன் மறுத்தாள், ஓய்வின்மையால் வந்த சோர்வு என்றாள். கேள்வி மேலும் நீண்டபோது ரிச்சர்ட் குறுக்கிட்டு, நாங்கள் வந்தது இதற்காக அன்று என்ற கருத்தில் பேச்சைத் திருப்பினார். இன்று அந்தச் சில நிமிடங்களைக் காண்பவர் அறிவிப்பாளரையும் நோவதற்கில்லை, அண்ணனையும் நோவதற்கில்லை. ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். மற்றவர் தங்கையின் மானத்தைக் காத்தார். இடையில் இருந்தவளுக்கு இரண்டாலும் உதவி கிட்டவில்லை.

நம் வீடுகளிலும் இந்நோய் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. “சாப்பிட அடம் பிடிக்கிறாள்”, “உடம்பைக் குறைக்கிறாளாம், நாகரிகம்” என்று நாம் தள்ளிவிடுவதில் சில, மருத்துவரிடம் காட்ட வேண்டியவையாக இருக்கலாம். அதட்டி ஊட்டினால் தீராது. கேரனுடைய பெற்றோரும் அன்பில்லாதவர்கள் அல்லர். உண்ணச் சொல்லி மன்றாடியவர்களே. உடல் மருத்துவம், மன மருத்துவம் இரண்டும் சேர்ந்து, பொறுமையோடு, தொடக்கத்திலேயே வேண்டும்.

கேரனும் இறுதியில் சிகிச்சைக்கு இசைந்தாள். 1980-ல் செய்துகொண்ட திருமணம் ஓராண்டு அளவிலேயே முறிந்திருந்தது. 1982-ல் நியூ யார்க் சென்று பல மாதம் தங்கிச் சிகிச்சை பெற்றாள். அங்கே மருத்துவமனையிலும் இருந்தாள். நவம்பரில் சற்று உடல் தேறி வீடு திரும்பினாள். ஆனால் இதயம் முன்பே நலிந்திருந்தது. 1983 பிப்ரவரி 4-ஆம் நாள் காலை, டௌனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்தவள் பிழைக்கவில்லை. 33 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் மறைந்த பின்னரே அமெரிக்கச் செய்தித்தாள்களும் குடும்பங்களும் அந்நோயின் பெயரை வாய்விட்டுப் பேசத் தொடங்கின.

ரசிகர்கள் அவளை விட்டுவிடவில்லை. ஜப்பானில் 1995-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இவர்களுடைய பழைய பாட்டுகளைப் பயன்படுத்தியது. கேரன் மறைந்தபோது பள்ளிக்கும் போகாதிருந்த பிள்ளைகள் கடைகளுக்கு ஓடி, இவர்களுடைய திரட்டு இசைத்தட்டை இலட்சக்கணக்கில் வாங்கினார்கள். 1979, 1980-ல் அண்ணன் இல்லாமல் அவள் தனியாகப் பதிவு செய்து, வெளியிடாமல் வைக்கப்பட்ட இசைத்தட்டு 1996-ல் வெளிவந்தது. 2018-ல் ரிச்சர்ட் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவை வைத்து, தங்கையின் பழைய குரற்பதிவுகளுக்குப் புதிய இசை சேர்த்து வெளியிட்டார்.

அவள் மறைந்த 1983-லேயே ரிச்சர்ட் தொகுத்த ‘வாய்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ இசைத்தட்டில் ‘நௌ’ என்றொரு பாட்டு உண்டு. 1982 ஏப்ரலில், நியூ யார்க் சிகிச்சைக்கு இடையே வீட்டுக்கு வந்திருந்தபோது பாடியது. வாத்தியக்காரர்கள் வழி அறிந்து வாசிப்பதற்காக ஒத்திகை போல் ஒரு முறை பாடி வைப்பார்களே, அத்தகைய பதிவு அது. பின்னர் திருத்தமாகப் பாடிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். ரிச்சர்ட் அந்த ஒரு முறைப் பாட்டையே அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி வாத்தியங்களை அமைத்தார்.