சைலன்சருக்கு முன்னால் டயர்

பேரையூரிலிருந்து டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குப் போகும் ஸ்போர்ட்ஸ் பைக் ஒரே பயணத்தில் மூன்று விதமான சாலைகளைப் பார்த்துவிடுகிறது. முதலில் கரிசல் காட்டுக்கு நடுவே போகும் ஒடுக்கமான சாலை. அறுவடைக் காலத்தில் அதன்மேல் சோளமும் உளுந்தும் காயப்போட்டிருப்பார்கள்; மழை பெய்தால் டிராக்டர் சக்கரங்கள் வயலிலிருந்து இழுத்துவந்த களிமண் தார்மேல் வழுக்கும். அடுத்து லாரியும் பஸ்ஸும் நெருக்கியடிக்கும் ராஜபாளையம் சாலை. திருமங்கலம் தாண்டினால் நான்குவழிச் சாலை. இந்த மூன்றிலும் இன்ஜின் போதவில்லை என்று தோன்றும் இடங்கள் மிகக் குறைவு. டயரின் பிடியோ பிரேக்கோ ஓட்டுபவரின் மணிக்கட்டோ போதாமல் போகும் இடங்கள்தான் நிறைய. ஆனாலும் புது பைக் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் தேடிப்போவது சைலன்சரைத்தான். அந்த வரிசை தலைகீழானது. தரையைத் தொடும் டயர், வண்டியை நிறுத்தும் பிரேக், உடம்பு பொருந்தும் ஹேண்டில்பாரும் சீட்டும், இவற்றுக்கெல்லாம் பிறகுதான் இன்ஜின் வரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது வரவே தேவையில்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. யமஹா ஆர்15-ஐ எடுத்துக்கொள்வோம். 2008-இல் இந்தியாவுக்கு வந்த இந்த வண்டியின் நான்காவது வடிவம் 2021-இல் வெளியானது. 155 சிசி இன்ஜின், 18.4 குதிரைத்திறன். சைலன்சரையும் ஏர் பில்டரையும் மாற்றி, எல்லாம் சரியாக அமைந்து, ஒரு குதிரைத்திறன் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சுமார் 5 சதவீதம். வேகமாகப் போகும்போது இன்ஜினின் சக்தியைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைப் பிளக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 5 சதவீதக் கூடுதல் சக்தி, உச்ச வேகத்தில் 2 சதவீதத்தைக்கூடத் தராது. 140 கிலோமீட்டரில் போன வண்டி 142-இல் போகும், அவ்வளவுதான். இப்போது பிரேக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நொடிக்கு 25 கிலோமீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க ஏறக்குறைய 36 மீட்டர் ஆகும். டயர் தேய்ந்தோ ரப்பர் இறுகியோ நொடிக்கு 21 கிலோமீட்டர்தான் குறைகிறது என்றால் 42 மீட்டர். அந்த ஆறு மீட்டருக்குள் ஓர் ஆடு குறுக்கே வரலாம், ஒரு குழந்தை வரலாம். பைக்குக்காகச் செலவழிக்கும் பணம் எங்கே அதிகம் பலன் தரும் என்பதை இந்த இரண்டு கணக்குகளும் சொல்லிவிடுகின்றன.

வண்டி செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்த ஓசூர் டிவிஎஸ் மோட்டார், 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ வெளியிட்டது, 34 குதிரைத்திறன். 2020-இல் அதைப் புதுப்பித்தபோது அந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு டயரை மாற்றினார்கள். மிஷெலின் ரோடு 5 வந்தது. கூடவே நான்கு ஓட்டமுறைகளும் வந்தன. மழைக்கும் நகரத்துக்குமான முறைகளில் சக்தி 25.8 குதிரைத்திறனாகக் குறைக்கப்பட்டது. ஈரச் சாலையில் சக்தி குறைவாக இருப்பதே நல்லது என்று தயாரிப்பாளரே முடிவெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2021-இல் வாங்குபவரின் விருப்பப்படி வண்டியை அமைத்துத் தரும் திட்டம் வந்தபோதும், கூடுதல் பணத்துக்கு அவர்கள் கொடுத்தவை என்ன? ஒரு கிட்டில் முன்னும் பின்னும் முழுமையாகச் சரிசெய்துகொள்ளக்கூடிய சஸ்பென்ஷன், துருப்பிடிக்காத செயின். இன்னொன்றில் பந்தயத்துக்கேற்பத் தாழ்ந்த ஹேண்டில்பாரும் உயர்ந்த ஃபுட்ரெஸ்ட்டும். இன்ஜினைத் தொடவில்லை.

அதே டிவிஎஸ் 2024-இல் சக்தியை 38 குதிரைத்திறனாக உயர்த்தியதே, அது மட்டும் சரியா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நான்கு குதிரைத்திறனுக்காகப் பிஸ்டனின் எடையைக் குறைத்தார்கள், ஏர்பாக்ஸையும் த்ராட்டில் பாடியையும் பெரிதாக்கினார்கள். ஒரு குழாயை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிப் பெற்றதல்ல அது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்த பிறகு நம் பைக்குகளின் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சாரும் நச்சுவாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. சென்சார் சொல்வதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. குழாயை மாற்றிவிட்டு அந்த அளவைத் திருத்தாமல் விட்டால், முழு த்ராட்டிலில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவை எரியும், இன்ஜின் சூடேறும். மதுரைச் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல. ஏர் பில்டரிலும் இதே கதைதான். காற்றைத் தாராளமாக விடும் பில்டர் பொடித் தூசியையும் கொஞ்சம் தாராளமாகவே விடும். கரிசல் மண் காய்ந்தால் மாவாய்ப் பறக்கிற பகுதியில் கம்பெனி கொடுத்த காகித பில்டரை உரிய நேரத்தில் மாற்றுவதுதான் இன்ஜினுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

சைலன்சருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம், சத்தம் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், உயிர் தப்பும் என்பது. சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. முன்னால் போகும் பஸ் டிரைவருக்கு அவருடைய இன்ஜின் சத்தமே காதை அடைக்கும். எதிரே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரும் கார்க்காரருக்கு நம் சத்தம் எட்டும்போது காலம் கடந்திருக்கும். முழுதாகக் கேட்பவர்கள் நாம் கடந்துபோன தெருவில் தூங்க முயலும் முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம். தன் வண்டி தன்னைப்போல் இருக்கவேண்டும் என்று ஓர் இளைஞர் விரும்புவதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆசைக்குத் தெருவின் தூக்கத்தை விலையாகக் கொடுக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முதல் வேலைக்குப் பெரிய செலவில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று, செயினுக்கு உரிய தொய்வு, நாள்பட்ட பிரேக் ஆயிலை மாற்றுவது. பிறகு டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் மிச்சமிருந்தாலும் பழைய ரப்பர் இறுகியிருக்கும். மாற்றும்போது அகலத்தைக் கூட்டும் ஆசை வரும். ஆர்15-இன் பின்டயர் 140/70. அதற்குப் பதில் 150/60 போட்டால் பார்வைக்குத் தடிமனாகத் தெரியும். ஆனால் பக்கச் சுவரின் உயரம் 98 மில்லிமீட்டரிலிருந்து 90-ஆகக் குறையும். வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கும், வளைவில் சாய்வது மந்தமாகும், வேகத்தடையில் அடி தட்டும். அளவை மாற்றாமல் தரத்தைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை இருக்கிறது. நல்ல டயர் நமக்குத் தூரத்துப் பொருளல்ல.

சௌகரியத்துக்கான மாற்றங்களை நான் அலங்காரமாக நினைக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பாரில் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்து மரத்துப்போன விரல்களுக்கு பிரேக் லீவர் எட்டுவதே தாமதமாகும். டேங்கின் இரு பக்கமும் ரப்பர் கிரிப் ஒட்டி முழங்கால்களால் இறுக்கிப் பிடித்தால் அந்தப் பாரம் குறையும். செலவும் சில நூறு ரூபாய்தான். தூரம் சரிசெய்யும் லீவர் சின்னக் கைகளுக்கு வரப்பிரசாதம். ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போட்டால், இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும்: பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது, கை டேங்கில் இடிக்கக்கூடாது. பின் ஷாக் அப்சார்பரில் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம், மாற்ற வழியிருந்தால், ஓட்டுபவர் உட்காரும்போது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்காதபடி வையுங்கள். பின்னால் ஆள் ஏறும் நாளில் இன்னும் இறுக்குங்கள். அந்தப் பின்னால் ஏறும் ஆளை மறந்துவிட்டுத்தான் பலர் பின் மட்கார்டையும் சேலைக் காப்பையும் கழற்றுகிறார்கள். பின்னால் இருப்பவரின் துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்கவேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. அம்மாவோ மனைவியோ தங்கையோ சேலையிலும் துப்பட்டாவிலும் அந்த சீட்டில் உட்காரப்போகிறார்கள் என்றால், கழற்றினால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று கடையில் சொன்னாலும் அந்தக் காப்பை அங்கேயே விட்டுவிடுங்கள்.