பத்து விதை போதாது

ஜவ்வாது மலைக்காடுகளில் தலைமுறைகளாக விளைந்துவரும் தானியம் சாமை. விதைநெல்லானாலும் சாமையானாலும் அதன் முளைப்புத்திறனை வீட்டிலேயே பார்த்துவிடலாம். விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமல் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணினால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மிரட்டும் ஈருறுப்புப் பரவல் முழுவதும் அந்தத் துணிக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு விதைக்கும் இரண்டே முடிவுகள்: முளைக்கும் அல்லது முளைக்காது. நூற்றுக்கு 75 முளைக்கக்கூடிய நல்ல விதை என்று வைத்துக்கொள்வோம். பத்து விதைகளில் சரியாக எட்டு முளைக்க வாய்ப்பு எவ்வளவு? 0.75-ஐ எட்டு முறையும் 0.25-ஐ இரண்டு முறையும் பெருக்கினால் சுமார் 0.00626 வரும். ஆனால் முளைக்காத அந்த இரண்டு எவை? முதல் விதையோடு ஒன்பதில் ஏதாவது ஒன்று சேரலாம். இரண்டாவதோடு மீதி எட்டில் ஒன்று. இப்படியே 9+8+7 என்று 1 வரை கூட்டினால் 45 ஜோடிகள். சூத்திரத்தில் வரும் ‘சேர்வு’ இதுதான். 45-ஐ 0.00626-ஆல் பெருக்கினால் 0.28. அதாவது, நூற்றுக்கு 28.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. இந்த நல்ல விதையிலேயே பத்துக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோ முளைக்க நூற்றுக்கு 8 வாய்ப்பு உண்டு. நூறு விதை போட்டால் பாதியோ அதற்கும் குறைவாகவோ முளைக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. விதைப் பரிசோதனை நிலையங்கள் 400 விதைகளை எண்ணி முளைக்கவைப்பது இதற்காகத்தான்.

ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: ஒரு விதையின் முடிவு இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, சாமை விளையும் அதே ஜவ்வாது மலையில், காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அங்கே வானம் தெளிவாக இருக்கும் இரவுகளை இந்தச் சூத்திரத்தில் போட்டால் விடை தவறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்று மேகம் சூழ்ந்தால் நாளையும் சூழ வாய்ப்பு அதிகம். இரவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. விதையிலும் அப்படித்தான். மூட்டையில் நனைந்து பூஞ்சை பிடித்த ஒரே மூலையிலிருந்து அள்ளினால் கணக்கு கெட்டுவிடும். அதனால்தான் பல இடங்களில் எடுத்துக் கலக்கச் சொல்கிறார்கள்.

ஆசிரியர்களே, கரும்பலகையில் சூத்திரம் எழுதும் முன் ஆளுக்குப் பத்து விதை கொடுங்கள். ஒரு வாரத்தில் வகுப்பே ஒரு பரவலை வரைந்துவிடும்.