விரல் மீண்டும் மடங்கினால்

உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கை முழுவதும் படியாமல் மோதிர விரலோ சுண்டு விரலோ தூக்கிக்கொண்டு நின்றால், கை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முகம் கழுவும்போது விரல் கண்ணில் குத்தும், பைக்குள் கை நுழையாது. பிறகுதான் வருகிறார்கள்.

டுபுய்ட்ரன் சுருக்கம் என்று இதற்குப் பெயர். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்து, முதலில் சிறு கட்டியாகவும் பிறகு முறுக்கிய கயிறு போலவும் ஆகி விரலை உள்ளே இழுக்கிறது. ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்பார்கள். இழுப்பது நரம்புமல்ல, தசைநாணுமல்ல. ஆகவே எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவதால் அது கரையாது. வட ஐரோப்பிய வழியினரிடம் மிகுதி. நம்மிடம் குறைவு என்றாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தொழுநோயிலும் விரல்கள் மடங்கும் என்பதை மறக்கக் கூடாது. அதில் கை மரத்துப்போகும், சூடு தெரியாது. மரத்துப்போன கையில் விரல் மடங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மருந்து இலவசம்.

கத்தி வைக்காமல் முடித்துவிடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. முடியும். ஊசியால் வெட்டும் முறையைப் பாரிஸ் மருத்துவர்கள் 1970களில் மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோல் மட்டும் மரத்துப்போகும் அளவுக்கே மருந்து போடுவார்கள்; விரல் நரம்பு விழித்திருக்க வேண்டும். ஊசி முனையை முன்னும் பின்னும் அசைத்து அந்தத் தடிப்பை அறுக்கும்போது, விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீர் என்றால் உடனே சொல்லச் சொல்வார்கள். சொன்னதும் ஊசி இடம் மாறும். பிறகு விரலை நிமிர்த்த, ‘படக்’கென்று தடிப்பு அறும். அன்றே வீடு திரும்பலாம், சில நாளில் வேலைக்கும் போகலாம்.

ஆனால் வெட்டப்பட்ட சவ்வு உள்ளேயேதான் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் ஊசி முறையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கும், அறுவை செய்து சவ்வை வெட்டியெடுத்துக்கொண்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் சுருக்கம் திரும்பியிருந்தது. இந்த இரண்டு எண்களையும் சொல்லாமல் ‘சின்ன ஊசிதான்’ என்று மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

கொலாஜினேஸ் என்ற நொதியைத் தடிப்புக்குள் செலுத்தி, ஓரிரு நாள் கழித்து விரலை நிமிர்த்துவது இன்னொரு வழி. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்றது. ஐரோப்பியச் சந்தையிலிருந்து வணிகக் காரணங்களால் விலக்கிக்கொள்ளப்பட்டது. கை வீங்கும், கன்றிப்போகும், தோல் கிழியலாம். அரிதாகத் தசைநாணே அறுந்துவிடும். பிரிட்டனில் 672 பேரிடம் இதை அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. ஓராண்டு கழித்து அறுவை செய்துகொண்டவர்களின் கையே மேலாக இருந்தது. கதிர்வீச்சு தொடக்கக் கட்டிகளுக்கு மட்டும் தரப்படுகிறது. மடங்கிய விரலை அது நிமிர்த்தாது.

அதற்காக எல்லோரும் அறுவைக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு மட்டும் மடங்கியிருந்தால், வயது கூடியிருந்தால், நீண்ட ஓய்வு எடுக்க வழியில்லை என்றால் ஊசி நல்ல தேர்வு. திரும்பினால் பெரும்பாலும் மறுபடியும் செய்துகொள்ளலாம். நடு மூட்டு மடங்கிய சுண்டு விரல்தான் பிடிவாதக்காரன். எந்த முறையிலும் முழுதாக நிமிராமல் போகலாம், நாள் கடத்தினால் மூட்டே இறுகிவிடும். ஒருமுறை அறுத்த கையில் மீண்டும் அறுப்பது கடினம்: வடுவுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இடம் மாறிக் கிடக்கும், காயம்படும் வாய்ப்பு கூடும், சிலருக்குத் தோல் ஒட்டும் தேவைப்படும். எந்தச் சிகிச்சையும் நோயின் வேரை எடுப்பதில்லை. ஆகையால் முதல் சிகிச்சைக்கு முன்பே, ‘இது திரும்பினால் அடுத்து என்ன செய்ய முடியும்?’ என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தான் பரிந்துரைக்கும் முறையை அவர் வழக்கமாகச் செய்கிறாரா என்றும் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கு அங்கே போகலாம்.

கேட்பது உங்கள் உரிமை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள், மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றைச் சொல்லிப் பெறுவதே முறையான ஒப்புதல் என்றது. மரப்புமருந்து கொடுக்கும் நேரத்தில் அவசரமாக நீட்டப்படும் தாளில் கையெழுத்திடாதீர்கள்; புரியும் மொழியில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் விரலின் கோணத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், படமும் எடுத்து வையுங்கள். சிகிச்சைக்குப் பின் விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, மரமரப்பு விலகாமல் நின்றாலோ, திடீரென மடக்க முடியாமல் போனாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும்.

மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால், பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். சுருக்கம் திரும்பி வந்தது என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. மிகத் திறமையான கைகளிலும் அது திரும்பும். திரும்பக்கூடும் என்பதையும் வேறு வழிகள் உண்டு என்பதையும் சொல்லாமல் சிகிச்சை செய்திருந்தால், முறையீட்டில் எழுத வேண்டியது அதைத்தான்.