பால்வாடி வாசலில் அழும் குழந்தை: சொல்லிட்டுப் போங்க!

தருமபுரி மாவட்டம் இண்டூர் பக்கம் "பால்வாடி" என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அதுதான் அங்கன்வாடி மையம். 2 வயது முடிந்த குழந்தையை இங்கே கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். ஆட்டம், பாட்டு, கதை வழியாக முன்பருவக் கல்வியும் மதியம் சூடான சாப்பாடும் உண்டு.

முதல் சில நாட்கள் குழந்தை அழுவது இயல்பு. ஆனால், அது விளையாடும் நேரம் பார்த்து நைசாக நழுவிவிடாதீர்கள். "அம்மா எப்ப காணாமப் போவாங்களோ" என்ற பயத்தில், மறுநாள் உங்கள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

• சேர்ப்பதற்கு முன்பே இரண்டு மூன்று முறை மையத்துக்கு அழைத்துப் போங்கள். டீச்சர், ஆயாவிடம் கேட்டு, அவர்களோடு குழந்தையை போனில் படம் எடுத்து வீட்டில் காட்டுங்கள்.

• முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

• குழந்தைக்கு மணிக்கணக்கு தெரியாது. "நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

• "அடம் பிடிச்சா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டாதீர்கள். அழுகையை ஆற்றப்போவதே அந்த டீச்சர்தான்.

சில வாரங்கள் ஆகியும் சாப்பாடு, தூக்கம் குறைந்தே இருந்தால், டீச்சரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் பேசுங்கள்.

சிரித்த முகத்தோடு ஒரு டாட்டா. சொன்ன நேரத்துக்கு வாசலில் நீங்கள். குழந்தைக்கு அந்த நம்பிக்கைதான் வேண்டும்.