எல்லைப்புற வாழ்வும் சிறுவர் இலக்கியமும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் புலங்களிற் குடியேறியோர் வாழ்வைச் சிறுவர்க்கு எடுத்துரைக்கும் நூல்களுள் பெரும்புகழ் பெற்றவை, லோறா இங்கல்ஸ் வைல்டர் அம்மையார் இயற்றிய ‘சிறு வீடு’ வரிசை நூல்களாகும். 1867இல் விஸ்கொன்சினிற் பிறந்த அம்மையார், தமது அறுபத்தைந்தாம் அகவையிலேயே, 1932இல், முதல் நூலை வெளியிட்டார். 1943 வரையில் எட்டு நூல்கள் வெளிவந்தன. அவற்றைச் செப்பனிடுவதில் அவர்தம் மகளார் றோஸ் வைல்டர் லேன் பெரும்பங்கு கொண்டார்.

இந்நூல்களின் தனிச்சிறப்பு யாதெனின், கைத்தொழில்களை நுணுகி விளக்கும் ஆற்றலேயாம். மரக்குற்றிகளை அடுக்கி வீடு எழுப்புதல், இரும்பாணியின்றிக் கதவு அமைத்தல், இறைச்சியைப் புகையூட்டிப் பேணுதல் என்பன படிப்படியாகக் கூறப்படுகின்றன. 1880-81ஆம் ஆண்டுக் கடும்பனிக் காலத்திலே டக்கோற்றாப் பகுதியின் டி ஸ்மெற் என்னும் ஊருக்குப் புகைவண்டிகள் மாதக்கணக்கில் வரவில்லை. காய்ந்த புல்லை முறுக்கி விறகாக எரித்தும், கோதுமையைக் கோப்பி அரைக்கும் பொறியில் இட்டு அரைத்தும் அக்குடும்பம் உயிர் தாங்கிய வரலாறு, 1940இல் வெளிவந்த நூலிற் பேசப்படுகின்றது.

ஆயினும் நூல்கள் கூறாது விடுத்தனவும் உள. ஒன்பது மாதத்தில் இறந்த தம்பியைப் பற்றிய செய்தி அவற்றில் இல்லை. கண்ணொளி இழந்த தமக்கை மேரியின் கல்விச் செலவை டக்கோற்றா அரசு ஏற்றமையும் கூறப்படவில்லை. பிறர் உதவி வேண்டாத குடும்பம் என்னும் சித்திரத்துக்கு அது பொருந்தாது போலும்.

இதனினும் பெரிய வினா நிலம் பற்றியதாகும். 1862ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டோர்க்கு 160 ஏக்கர் அரசநிலம் வழங்கியது. ஆனால், 1869ஆம் ஆண்டளவில் இங்கல்ஸ் குடும்பத்தினர் கன்சாசிற் குடில் அமைத்த இடமோ ஓசேஜ் மக்களுக்கு உரிய நிலம், குடியேற்றத்துக்குத் திறக்கப்படாதது. அந்நிலத்தில் இந்தியரன்றி மக்களே இல்லையெனப் பொருள்பட 1935ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் முறையிட, ‘மக்கள்’ என்பது 1953ஆம் ஆண்டுப் பதிப்பிற் ‘குடியேறிகள்’ எனத் திருத்தப்பட்டது. 1954இல் அம்மையார் பெயரால் நிறுவப்பெற்ற சிறுவர் இலக்கிய விருதும் 2018இற் பெயர் மாற்றப்பட்டது.

ஒரு சொல் திருந்தியதனால் நூலின் நோக்கு முழுவதும் திருந்திவிடவில்லை. எனினும் நூலை விலக்குதலே தீர்வாகாது. உழைப்பின் அருமையை அதனிடத்துக் கற்கும் மாணவன், அவ்வுழைப்பு நிகழ்ந்த நிலம் எவருடையது என்னும் வினாவையும் உடன்வைத்துக் கற்பானாயின், இலக்கியம், வரலாறு ஆகிய இரண்டின் பயனையும் ஒருங்கே பெறுவான்.