பழைய மோட்டார்ஹோமின் மங்கிய கண்ணாடியிழை மேற்பரப்பைப் புதுப்பித்தல்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையல் மேடை, கழிவறை ஆகிய வசதிகளைக் கொண்டு, தன் சொந்த எஞ்சினாலேயே ஓடும் வீட்டு வண்டி ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை பெருமளவில் பயன்படுகின்றன. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் உள்ள வின்னபேகோ நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னர், நடுத்தரக் குடும்பங்களும் வாங்கும் வண்டியாக இது மாறியது. அக்காலத்தில் அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளே மிகுதி. பின்னர் படிப்படியாக, பேச்சு வழக்கில் ஃபைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடியிழை அந்த இடத்தைப் பிடித்தது.

பதினைந்து, இருபது ஆண்டுகள் வெயிலில் நின்ற கண்ணாடியிழை வண்டியைத் தடவிப் பார்த்தால், கரும்பலகையைத் துடைத்த கைபோல உள்ளங்கை முழுவதும் வெண்தூள் ஒட்டும். நீலப் பட்டை சாம்பல் நிறமாகவும் சிவப்பு இளஞ்சிவப்பாகவும் வெளிறியிருக்கும். எஞ்சின் நன்றாக ஓடினாலும், தோற்றத்தைக் கண்டே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இந்த மேற்பரப்பைப் பெரும்பாலும் மீட்டுவிட முடியும். ஆனால் மீட்கும் வேலை, எதையும் பூசுவதைவிடத் தேய்த்து நீக்குவதையே அடிப்படையாகக் கொண்டது. நீக்குவதற்கு அங்கே இருப்பதோ மிக மெல்லிய படலம்.

மேற்பரப்பின் அமைப்பு

கண்ணாடியிழைப் பொருளின் வெளிப்புறத்தில் தெரியும் வழவழப்பான, நிறமுள்ள படலத்துக்கு ஜெல்கோட் என்று பெயர். இது நிறமி கலந்த பாலியெஸ்டர் பிசின். வீட்டுச் சுவரில் கடைசியாகப் பூசுவது வண்ணம். கண்ணாடியிழை வேலையில் வரிசை தலைகீழ். அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட்டைத் தெளித்து, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயையும் பிசினையும் அடுக்கி, இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அச்சின் பளபளப்பே பொருளின் பளபளப்பாகப் பதிகிறது. தமிழகக் கடற்கரைகளில் மீனவர்கள் பயன்படுத்தும் ஃபைபர் படகுகளும் இதே முறையில் உருவானவையே. ஆகவே இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி படகுக்கும் பொருந்தும்.

மோட்டார்ஹோமின் முன்முகமும் பின்முகமும் இவ்வாறு அச்சில் வார்க்கப்படுகின்றன. பக்கச் சுவர்களின் கதை வேறு. மெல்லிய கண்ணாடியிழைத் தகட்டை மெல்லிய ஒட்டுப்பலகையின்மீது ஒட்டி, உள்ளே நுரைப்பலகையும் சட்டமும் வைத்து அழுத்தியவை அவை. வார்த்த பாகங்களில் ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பக்கத் தகடுகளில் அதைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் இதில் சிறிது செலவாகிறது. முழுவதும் தேய்ந்துபோனால் அடியிலுள்ள இழைகளின் பின்னல் தெரியத் தொடங்கும். அதன்பின் எந்த மெருகும் உதவாது.

மங்குவதன் காரணம்

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பாலியெஸ்டரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மேற்பரப்பில் அறுக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அறுந்த முனைகளோடு வினைபுரிகிறது. பிசின் சிதைந்ததும், அது பிடித்து வைத்திருந்த நிறமித் துகள்கள் விடுபட்டுத் தூளாகின்றன. கையில் ஒட்டும் வெண்மை இதுதான். வட அமெரிக்காவில் வண்டியின் தெற்கு நோக்கி நிற்கும் பக்கமே மிகுதியாக மங்கியிருக்கும். குளிர்காலம் முழுவதும் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில், ஒரே வண்டியின் இரு பக்கங்களும் வெவ்வேறு வயதுடையவை போலத் தோன்றுவதுண்டு.

இந்த மங்கலில் ஒரு பகுதி உண்மையான நிற இழப்பு. பெரும்பகுதி ஒளியியல் சார்ந்தது. வழவழப்பான பரப்பில் ஒளி சீராக எதிரொளிக்கிறது. நுண்குழிகள் நிறைந்த பரப்பில் அது பல திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய வெள்ளொளி அடியிலுள்ள நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்கிறது. இதனை எளிதில் சோதிக்கலாம். மங்கிய இடத்தில் சிறிது தண்ணீரைத் தடவினால் நிறம் உடனே ஆழமாகத் தெரியும். காய்ந்ததும் மறுபடி வெளிறிவிடும். காற்றை விடத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் பிசினுடையதற்கு நெருக்கமானது. எனவே குழிகளைத் தண்ணீர் நிரப்பும்போது சிதறல் குறைகிறது. காய்ந்த கூழாங்கல்லை நனைத்ததும் அதன் நிறம் தெரிவது போன்றதே இதுவும். நனைத்ததும் நிறம் திரும்பினால் அந்த வண்டியை மெருகேற்றி மீட்க முடியும் என்று நம்பலாம். நனைத்தும் வெளிறியே இருந்தால் நிறமியே சிதைந்துவிட்டது என்று பொருள்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

பளபளப்பைப் பற்றி நினைப்பதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். கூரை விளிம்பு, சன்னல் சட்டம், விளக்குப் பொருத்திய துளை ஆகியவற்றில் உள்ள சீலன்ட் வெடித்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். உள்ளேயுள்ள ஒட்டுப்பலகை ஊறி, பசை விட்டு, வெளித்தகடு உப்பிக்கொள்ளும். பக்கவாட்டில் நின்று சுவரை நீளவாக்கில் சாய்வாகப் பார்த்தால் இந்த உப்பல் அலைபோலத் தெரியும். விரலால் தட்டினால் ஓசை மாறும். உள்ளங்கையால் அழுத்தினால் சுவர் அமுங்கும். அப்படிப்பட்ட சுவரை மெருகேற்றுவது பூச்சி அரித்த கதவுக்கு வார்னிஷ் அடிப்பது போன்றது. பழைய வண்டியை வாங்குபவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பளபளக்கும் சுவர் உலர்ந்த சுவராகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அடுத்து, மேலே இருப்பது ஜெல்கோட்டா, பெயின்ட்டா என்று அறிய வேண்டும். சில வண்டிகளுக்குக் கார்களைப் போல முழு உடலுக்கும் பெயின்ட் அடித்து, அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு பூசியிருப்பார்கள். மறைவான ஓரிடத்தில் சிறிது காம்பவுண்டை வைத்துத் துணியால் தேய்த்தால் விடை கிடைக்கும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஜெல்கோட் அல்லது தெளிபூச்சு இல்லாத பெயின்ட். நிறம் ஏறாவிட்டால் மேலே தெளிபூச்சு உள்ளது. வெள்ளை வண்டிக்குக் கருந்துணியைப் பயன்படுத்த வேண்டும். தெளிபூச்சின் தடிமன் ஜெல்கோட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அது செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் தேய்ப்பதில் பயனில்லை.

கழுவுதலும் தேய்த்தலும்

முதலில் மென்மையான சோப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கூரையிலிருந்து வழிந்த கருங்கோடுகளும் பழைய மெழுகும் எஞ்சியிருந்தால், தேய்க்கும்போது அவை பரப்பெங்கும் இழுபடும். துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த துப்புரவுப் பொருள் பயன்படும்; கையுறை அவசியம். உயர் அழுத்தத் தண்ணீரைச் சீலன்ட்மீது நேராகப் பாய்ச்சினால், இல்லாத கசிவையும் உண்டாக்கிவிடலாம்.

சிதைவு எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தே தேய்க்கும் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா நிலைக்கும் ஒரே விதி: வேலையை முடிக்கக்கூடியவற்றுள் மிக மென்மையானதிலிருந்து தொடங்குவது. ஓரடிச் சதுர இடத்தில் முதலில் மெல்லிய பாலிஷைச் சோதிக்கலாம். அது போதாவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட். அதுவும் போதாவிட்டால் மட்டுமே வாட்டர் பேப்பர் எனப்படும் நீர் உப்புத்தாள். 1000 நம்பரில் தொடங்கி 1500, 2000 என்று நுண்மையான தாள்களுக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிப்பதற்கே. நடுவில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். நிழலில் தெரியாமல் இருந்து, வெயிலில் நிறுத்திய அன்று காட்டிக்கொடுக்கும்.

காம்பவுண்டை பஃபிங் இயந்திரத்தில் கம்பளித் திண்டு மாட்டித் தேய்ப்பது வழக்கம். வேகத்தைக் குறைத்து, திண்டைத் தட்டையாகப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சூடேறி ஜெல்கோட் கருகும். வளைவுகளும் விளிம்புகளும் முதலில் தேய்ந்துபோகும் இடங்கள் என்பதால், அங்கே கையால் தேய்ப்பதே நல்லது. வெயிலில் சுடும் தகட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நிழலில் நிறுத்தியே வேலை செய்ய வேண்டும். காம்பவுண்டுக்குப் பின் நுரைத் திண்டும் மென்பாலிஷும் கொண்டு மறுமுறை தேய்த்தால்தான் உண்மையான பளபளப்பு வரும்.

இந்த வேலையின் அளவைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு பக்கச் சுவர் 9 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால் இரு பக்கங்களும் சேர்ந்து 45 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 125 சதுரங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 21 மணி நேரம் ஆகும். சன்னல்களைக் கழித்தால் சற்றுக் குறையும்; முன்முகத்தையும் பின்முகத்தையும் சேர்த்தால் மறுபடி ஏறிவிடும். இதில் பாதி நேரம் ஏணியில், கையில் கனமான சுழலும் இயந்திரத்தோடு கழிகிறது. சாய்வு ஏணியை விட இரு முனைகளிலும் தாங்கிய பலகைமேடை பாதுகாப்பானது. மூக்குக்கு முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். ஈரமான கூரையில் ஏறவே கூடாது.

ஒட்டுப்படங்கள்

பக்கங்களில் உள்ள வினைல் பட்டைகள் வெடித்திருந்தால், முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கி மெல்ல உரிக்கலாம். உரித்த இடத்தில் பட்டையின் உருவம் நிழல்போல நிற்கும். வெயில் படாத அந்தப் பகுதிதான் வண்டியின் உண்மையான நிறம், சுற்றியுள்ளதே மாறியது. தேய்த்தால் இந்த வேறுபாடு குறையும், முற்றிலும் மறைவது அரிது. ஆகவே பலர் அதே இடத்தில் புதுப் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள்.

மெழுகும் பிற காப்புகளும்

தேய்த்துத் திறந்துவிட்ட புதுப் பரப்பை அப்படியே விட்டால் மீண்டும் விரைவாக மங்கும். பிரேசில் நாட்டுப் பனை இனம் ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னாபா மெழுகு நல்ல ஒளி தரும். ஆனால் கடும் வெயிலில் சில மாதங்களே தாங்கும். செயற்கைப் பாலிமர் காப்புகள் அதைவிட நீடிக்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் பூச்சுகள் இன்னும் நீடித்தாலும், அடியில் உள்ள குறையையும் அப்படியே பூட்டிவிடுகின்றன. பின்னாளில் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கோன் கலந்த பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. அதன் எச்சம் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் சிறு குழிகளாக விலகும்.

தரைப் பாலிஷ் பூசும் குறுக்குவழி

கடைத்தரைகளுக்குப் பூசும் அக்ரிலிக் திரவத்தை வண்டியின்மேல் நான்கைந்து முறை தடவும் வழக்கம் அமெரிக்க மோட்டார்ஹோம் உரிமையாளர்களிடம் பரவலாக உள்ளது. இயந்திரம் வேண்டாம், செலவு குறைவு, ஒரே நாளில் கண்ணாடிபோல் மின்னும். இது ஏமாற்று அன்று. தண்ணீர் குழிகளை நிரப்பி நிறத்தைக் காட்டியது போலவே அக்ரிலிக்கும் நிரப்புகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், இது காயாமல் நிற்கும், அவ்வளவே. வயதானவர்களுக்கும், ஏற்கெனவே ஜெல்கோட் மிக மெலிந்துபோன வண்டிகளுக்கும் இது ஏற்கத்தக்க வழிதான்.

சிக்கல் பின்னால் வருகிறது. வெண்தூளை முழுவதும் அகற்றாமல் பூசினால், பூச்சு பிடித்திருப்பது தூளை மட்டுமே; எனவே ஓரிரு கோடைக்குள் உரியும். சில இடங்களில் மஞ்சளாகும். உரிந்த இடமும் உரியாத இடமும் திட்டுத்திட்டாகத் தெரியும்போது, அது மங்கிய வண்டியை விட மோசமான காட்சி. அதன்மேல் காம்பவுண்ட் தேய்த்தால் பூச்சு சூடாகிக் குழம்பும். தரைப் பாலிஷை நீக்கும் அம்மோனியா கலந்த திரவத்தால் எல்லா அடுக்குகளையும் கரைத்தெடுத்த பிறகே மறுபடி எதையும் தொடங்க முடியும். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஆண்டுதோறும் ஓர் அடுக்கு சேர்ப்பதையும், என்றாவது ஒருநாள் அனைத்தையும் கரைப்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

மெருகுக்கு மீறிய நிலை

இழைப்பின்னல் தெரிந்துவிட்ட, அல்லது நட்சத்திர வடிவ விரிசல்கள் பரவிய பரப்புக்கு மீண்டும் பெயின்ட் அடிப்பதே வழி. விரிசல்களைக் கீறித் திறந்து பட்டி வைத்து, பரப்பைத் தேய்த்து, எப்பாக்சி பிரைமருக்குப் பின் இரு கூறுப் பாலியூரித்தேன் பெயின்ட் அடிப்பார்கள். இப்பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் போதாது, வெளியிலிருந்து தூய காற்று வரும் கவசம் வேண்டும். எனவே தேய்த்தல், பட்டி வைத்தல் ஆகியவற்றை வீட்டு முற்றத்தில் செய்து முடிப்பவர்கள்கூட, தெளிக்கும் வேலையை மட்டும் அதற்கான அறை உள்ள பட்டறைக்குக் கொண்டுசெல்கிறார்கள்.