பழ ஈக்களும் அருகிய ஆணின் ஏற்றமும்

ஆவணி மாதத்தில் வன்னிநிலத்துப் பனங்கூடல்களின் கீழ் விழுந்து கிடக்கும் பழங்களைச் சுற்றிச் செந்நிறக் கண்ணுடைய சின்னஞ்சிறு ஈக்கள் மொய்த்தலைக் காணலாம். கள்ளு முட்டியையும் கனிந்த வாழைக்குலையையும் அவை விட்டு வைப்பதில்லை. ஈழத்தில் நுளம்பிற்குத் தனிப்பெயர் உண்மையால், கொசு என்னும் பெயரை மக்கள் பெரும்பாலும் இவற்றிற்கே வழங்குவர். பழத்தை நாடி வருவனபோலத் தோன்றினும், புளிக்கும் பழத்திற் பெருகும் மதுவமே இவற்றின் சிறந்த உணவாகும். நூல்களில் துரோசோபிலா எனப்படுவன இவையே. உடல்நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். 25 பாகை வெப்பத்தில் ஏறக்குறையப் பத்து நாள்களில் முட்டை ஈயாகிவிடும். ஆதலின், பிறப்புரிமையியலார்க்கு இதனினும் வாய்ப்பான உயிர் கிட்டுதல் அரிது.

ஆண் ஈ பெண்ணை எளிதில் அடைவதில்லை. அது பெண்ணைப் பின்தொடர்ந்து, முன்காலாற் தட்டி, ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்த்து ஒருவகை இசை எழுப்பும். விருப்பமில்லாத பெண் காலால் உதைக்கும். அன்றேல் விலகி ஓடும். தேர்வு பெரும்பாலும் பெண்ணினுடையதே. இலிங்கத் தேர்வு எனத் தார்வின் 1871 இல் விரித்துரைத்த கொள்கை இதுவாம். முறிகண்டிக் காட்டோரத்தில் தோகை விரித்தாடும் மயிலைக் கண்டவர்க்கு இதனை வேறு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பெண்கள் யாவும் தலைமுறைதோறும் ஒரே இயல்பையே விரும்பின், அவ்வியல்பு எங்கும் பரவி, ஏனையவை மறைந்தொழிதல் வேண்டும். இயற்கையிலோ வேறுபாடுகள் குன்றாது நிலைக்கின்றன. அஃது எங்ஙனம்?

இதற்கொரு விடைக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டுக் குளோதீன் பெத்தீ அம்மையார். ஒடுங்கிய கண்ணுடைய விகாரி ஆண்களையும் இயல்பான ஆண்களையும் வெவ்வேறு விகிதங்களில் ஒருங்கு விட்டு நோக்கி, ஓர் ஆணின் வெற்றி அதன் இயல்பை மட்டுமன்றி, அவ்வியல்புடையோர் எத்துணையர் என்பதனையும் பொறுத்தது என 1951 இல் அவர் அறிவித்தார். 1960களில் அமெரிக்கரான இலீ ஏர்மன் அம்மையார் வேறோர் இனத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒரு கூட்டில் ஒருவகை ஆண்கள் 20, மற்றொரு வகை 5 எனக் கொள்வோம். பெண்கள் வேறுபாடு காட்டாவிடின், சிறுபான்மையார்க்கு ஐந்தில் ஒரு பங்கு புணர்ச்சியே கிட்டல் வேண்டும். கிட்டியதோ அதனினும் மிகுதி. அவ்வகை பெருகப் பெருக அந்த ஏற்றம் தேய்ந்து போகும். எனவே அருகியது அழியாது. மலிந்தது முற்றும் மேலோங்காது. மீடிறன் சார்ந்த தேர்வு எனப்படுவது இதுவே.

அருகியவரைப் பெண் எங்ஙனம் அறிகின்றது? ஏர்மன் மெல்லிய துணியால் இருதட்டாகப் பிரித்த கூடொன்றை அமைத்தார். மேற்றட்டில் அருகிய வகையினரை கீழ்த்தட்டில் மிகுதியாக விட்டபோது, மேலிருந்தவர்களின் ஏற்றம் மறைந்தது. கண்ணாற் காணாமலே பெண் கணக்கெடுத்தது! மணமே இதற்கு முதன்மையான வாயில் என அவர் கருதினார்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. என். சிங்கும் அவர்தம் மாணாக்கரும், வெப்ப நாடுகளில் மனிதர் வாழிடங்களைச் சார்ந்து வாழும் துரோசோபிலா அனனாசே என்னும் இனத்தை நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவ்வினத்திலும் அருகிய ஆண்களுக்கு ஏற்றம் உண்டென 1989 இல் வெளியிட்டனர்.

எனினும் ஐயம் எழாமலில்லை, எழுந்ததும் நன்றே. ஒத்த தோற்றமுடைய இருவகையினரைப் பிரித்தறியும்பொருட்டு ஆய்வாளர் சிலர் ஈக்களின் சிறகு நுனியைக் கத்தரித்து வந்தனர். அக்கத்தரிப்பே பொய்யான ஏற்றத்தைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதை வீட்டு ஈயைக்கொண்டு 1980 இல் பிரையந்து என்பாரும் உடனாய்வாளரும் காட்டினர். அதனால் முந்திய முடிபுகளுட் சில மறுபடியும் சோதிக்கப்படலாயின. கூட்டுக்குள் நிகழ்வது காட்டிலும் நிகழுமோ என்பது பிறிதொரு வினா. ஈக்களைப் பொறுத்தவரை அதற்கு விடை காண்டல் எளிதன்று. மீனில் அது கைகூடிற்று. திரினிதாட்டு ஓடைகளில் கப்பி மீன்களின் நிறவகை விகிதத்தை மாற்றி அமைத்து நோக்கியபோது, அருகிய நிறமுடைய ஆண்களே மிகுதியான பெண்களுடன் கூடி, மிகுதியான குஞ்சுகளையும் ஈன்றன என 2013 இல் அறிவிக்கப்பட்டது. நுளம்புக் குடம்பிகளை உண்ணுமாறு நம் நாட்டில் நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடப்படுவதும் அக்கப்பி மீனே. அதன் ஆண்களுள் ஒன்றன் வாற்புள்ளி மற்றொன்றற்கு ஒவ்வாதிருத்தலைக் கிணற்றுக்கட்டில் நின்று நோக்குவாரும் காணலாம்.